கியரு தானா மாறும் கண்ணு, ஆயிலு மாறாது

வா கண்ணு, திண்ணையில உக்காரு. மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது? காரு இழுக்கமாட்டேங்குதா? ஆட்டோமேட்டிக் வண்டியா? மீட்டர்ல 1,40,000 கிலோமீட்டர் காட்டுதா? சரி, வெசனப்படாதே. மொதல்ல மோரைக் குடி. வண்டி எங்கயும் ஓடிப்போயிராது. ஓடற நெலமையில இருந்தா நீ எதுக்கு இந்தக் கெழவனைத் தேடி வாறே?

ராத்திரி பூரா போனைப் பாத்துட்டே கெடந்தியாக்கும்? கண்ணு செவந்திருக்குதே. அதுல அமெரிக்காக்காரன் ஒருத்தன் கியர் பாக்ஸ் போச்சுன்னு அழுவான். துபாய்ல ஒருத்தன் ரெண்டு பாக்ஸ் மாத்துனேம்பான். விடியறதுக்குள்ள ஒலகத்துல இருக்கற அத்தனை சீக்கும் உன்ற வண்டிக்கு வந்திருக்கும். ஏஞ்சாமி, பானெட்டைத் தொறந்து பாத்தியா? இல்லையா? தொறக்கற பிடி எங்க இருக்குதுன்னாச்சும் தெரியுமா? ஸ்டியரிங்குக்குக் கீழ, உன்ற மொழங்காலுக்குப் பக்கத்துல. வாங்குன நாள்ல இருந்து அதை இடிச்சுட்டேதான் ஏறி எறங்கறே.

நான் லாரி ஓட்டுன காலத்துல ஒரு கியரு போட ரெண்டு தடவை கிளச்சை மிதிக்கோணும். மிதிச்சு நியூட்ரலுக்கு எடுத்து, சத்தத்தைக் கேட்டு, இன்னொருக்கா மிதிச்சு அடுத்த கியருக்குத் தள்ளோணும். சத்தம் ஒத்து வல்லைன்னா பாக்ஸே கெட்ட வார்த்தையில வையும். சங்ககிரியில இருந்து பம்பாய் போயிட்டு வாறதுக்குள்ள எடது காலு வீங்கிப் போயிரும். அந்தக் கஷ்டம் உனக்கு வேண்டாம்னு எவனோ புண்ணியவான் இதைக் கண்டுபிடிச்சான். நல்லதுதான். ஆனா காலுக்கு வேலை இல்லைன்னா, காதுக்கும் மூக்குக்குமா லீவு உட்டுருவே?

மொதல்ல ஒண்ணு சொல்லு. உன்றது என்ன ஆட்டோமேட்டிக்கு? "ஆட்டோமேட்டிக்னா ஆட்டோமேட்டிக்தானுங்களே அப்பாரு"ங்கறே. இங்கதான் பாதிப்பேரு மசையனாகறீங்க.

2014ல மாருதி செலேரியோவுல ஏஎம்டின்னு ஒண்ணு வந்துச்சே, அது நம்ம பழைய கைக்கியரேதான். உனக்குப் பதிலா ஒரு ஆக்சுவேட்டரு கிளச்சை மிதிச்சு கியரைத் தள்ளுது, அவ்வளவுதான். அதுல சீக்கு வந்தா பெரும்பாலும் கிளச்சு தேஞ்சிருக்கும், இல்லைன்னா மிதிக்கற சாமான் மக்கர் பண்ணும். புதுக் கிளச்சு போட்டா, அதும்பட அளவைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்கோணும். அதைச் சொல்லாம வண்டியை வெளிய உட்டா, ஒவ்வொரு கியருக்கும் உன்ற மண்டை முன்னால போயிட்டு வரும்.

சிவிடின்னு இன்னொண்ணு. அதுல கியரே கெடையாது. ரெண்டு புல்லி, நடுவுல ஒரு இரும்பு பெல்ட்டு. புல்லி அகலும், குறுகும். 1958ல ஹாலந்துக்காரன் டாஃப்னு ஒரு சின்னக் காருல ரப்பர் பெல்ட்டைப் போட்டே ஓட்டிக் காமிச்சான். முன்னால போற வேகத்துக்கே பின்னாலயும் போகும் அந்த வண்டி. அதை வெச்சு ரிவர்ஸ்லயே பந்தயம் உட்டாங்க அந்த ஊர்க்காரங்க. வேலை இல்லாதவன் எல்லா நாட்டுலயும் இருக்கறான், என்ன பண்ண.

அப்பறம் டிசிடி. ரெண்டு கிளச்சு வெச்சது. ஒண்ணு ஒத்தைப்படை கியருக்கு, ஒண்ணு ரெட்டைப்படைக்கு. அதுல உலர் கிளச்சு வகைன்னா டிராபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போறதுதான் அதுக்குப் பகை. சூடேறிரும். நெடுஞ்சாலையில அது ராசா. காந்திபுரம் சிக்னல்ல அது நோயாளி.

கடைசியா, டார்க் கன்வெர்ட்டர் வெச்ச பழைய முறை. உன்றது அதுதான், பாத்தாலே தெரியுது. ஜெர்மனியில ஹெர்மன் ஃபோட்டிங்கர்னு ஒரு மனுசன் 1905ல கப்பலுக்குன்னு யோசிச்ச சங்கதி அது. எஞ்சின் பக்கம் ஒரு விசிறி, கியர் பாக்ஸ் பக்கம் ஒரு விசிறி, நடுவுல ஆயிலு. இது சுத்துனா ஆயிலு அதைச் சுத்த வெக்கும். அமெரிக்காவுல 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்லயே கியரு தானா மாறற பாக்ஸ் கடைக்கு வந்திருச்சு. உன்ற பாட்டி பொறக்கறதுக்கு முன்னாடி வந்த சாமான் கண்ணு. இதுக்குப் போயி "டெக்னாலஜிங்க, நமக்குப் புரியாதுங்க"ன்னு கையைக் கட்டிட்டு நிக்கறே.

இத்தனை வகையையும் எதுக்குச் சொன்னேன்? ஒண்ணுக்கு மருந்து இன்னொண்ணுக்கு வெசம். சிவிடியில பெல்ட்டு புல்லியைக் கவ்விப் பிடிக்கோணும், அதுக்குத் தனி ஆயிலு. அதுல ஏடிஎஃப்ங்கற சாதா ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊத்துனா பெல்ட்டு வழுக்கும், புல்லியைச் செதுக்கி வெக்கும். டப்பா செவப்பா இருக்குதுன்னு எல்லா வண்டியிலயும் ஊத்தறவன்கிட்டச் சாவியைக் குடுக்காதே. டேஷ்போர்டு பெட்டியில பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காம ஒரு பொஸ்தகம் கெடக்குமே. அதுல போட்டிருக்கும் எந்த ஆயிலுன்னு. பிரி. கவருக்குள்ள வெச்சுப் பூசை பண்ண அது என்ன ராமாயணமா?

இப்ப ஆயிலு சங்கதிக்கு வாறேன். எஞ்சின் ஆயிலை மாத்துனியா? மாத்துனேங்கறே. கியர் பாக்ஸ் ஆயிலு? முழிக்கறே பாரு. ஞாயித்துக்கிழமையானா வண்டிக்கு நொரை வெச்சுக் குளிப்பாட்டறே. சக்கரத்துக்குக் கறுப்பு மை தடவறே. உள்ள தொங்கறதுக்கு எலுமிச்சை வாசத்துல ஒரு அட்டை. இத்தனை அலும்பு பண்ணறவன், 1,40,000 கிலோமீட்டரா ஒரே ஆயிலு உள்ள வெந்துட்டிருக்குதேன்னு ஒரு நாளாச்சும் நெனைச்சியா?

"ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு கம்பெனியிலயே சொன்னாங்க"ங்கறே. சொல்லுவான். சில கார் கம்பெனிக்காரங்க அப்படித்தான் சொல்லறாங்க. ஆனா அந்தப் பெரிய பெரிய காருக்கெல்லாம் கியர் பாக்ஸ் பண்ணிக் குடுக்கற இசட்எஃப்னு ஒரு ஜெர்மன் கம்பெனி இருக்குது. பாக்ஸைப் பண்ணுனவனே அவன்தான். அவன் என்ன சொல்லறான்? 80,000ல இருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்து, இல்லைன்னா 8 வருசத்துல மாத்துங்கறான். காரு விக்கறவன் மாத்த வேண்டாங்கறான், பாக்ஸ் பண்ணுனவன் மாத்துங்கறான். நீ யாரு பேச்சைக் கேப்பே? விக்கறவனுக்கு வாரண்டி முடியற வரைக்கும்தான் கணக்கு. நீ அந்த வண்டியை வாங்குனதே மூணாங்கையில.

அந்த ஆயிலு என்னென்ன வேலை பாக்குதுன்னு தெரியுமா? எஞ்சின் விசையை அந்தாண்ட தள்ளறது அதுதான். உள்ள இருக்கற கிளச்சுத் தட்டுகளை அமுக்கிப் புடிக்கறதும் அதுதான். வழவழப்புக்கும் அதுதான், சூட்டை வாங்கிட்டுப் போயி கூலர்ல எறக்கறதும் அதுதான். நம்மூரு சித்திரை வெயில்ல, ஏசியும் போட்டுட்டு, சிக்னலுக்குச் சிக்னல் நின்னு போறப்ப அந்த ஆயிலு படற பாடு இருக்குதே. சூடு ஏற ஏற அதும்பட ஆயுசு கொறையும்.

சரி, எந்திரி. வண்டிக்கிட்டப் போலாம். வெள்ளைத் துணி ஏதாச்சும் வெச்சிருக்கறியா? டிஷ்யூ போதும். உன்ற வண்டியில கியர் ஆயிலுக்கு டிப்ஸ்டிக்கு இருக்குது, அதிர்ஷ்டம். இப்ப வாற வண்டியில அதையும் எடுத்துட்டான். அடியில ஒரு நட்டைக் கழட்டி, ஆயிலு இத்தனை டிகிரி சூட்டுல இருக்கறப்பத்தான் மட்டம் பாக்கோணும்னு வெச்சிருக்கறான். நீ பாக்காம இருக்கத்தான் அத்தனை ஏற்பாடு. குச்சியை இழுத்துத் தொடைச்சு, இன்னொருக்கா உட்டு எடு. எஞ்சின் ஓடறப்பவா, நிறுத்துன பொறவான்னு அந்தப் பொஸ்தகத்துல இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும். மட்டம் அப்பறம். மொதல்ல ஒரு சொட்டை டிஷ்யூவுல வை.

புது ஆயிலு செவச்செவன்னு, அந்தாண்டப் பக்கம் தெரியறாப்புல இருக்கும். கொஞ்சம் பழுத்திருந்தாப் பரவால்ல. கருங்காப்பி நெறத்துல இருந்து, மூக்குக்கிட்டக் கொண்டு போனா தீஞ்ச வாசம் அடிச்சா, உள்ள தட்டு கருகுதுன்னு அர்த்தம். ரோஸ்மில்க் நெறத்துல கலங்கி இருந்துச்சுன்னா அது வேற வில்லங்கம். பல வண்டியில கியர் ஆயிலு கூலரு ரேடியேட்டருக்குள்ளயே இருக்கும். அங்க ஓட்டை விழுந்து கூலண்டு கலந்திருக்கும். இல்லைன்னா வெள்ளத்துல நின்ன வண்டியா இருக்கும். 2015ல சென்னையில முங்குன வண்டியெல்லாம் ஆத்தோட போயிருச்சுன்னா நெனைக்கறே? தொடைச்சு, சீட்டு மாத்தி, வாசம் அடிச்சு மேக்க தாட்டி உட்டானுங்க. எதுவோ, பால் நெறம் வந்திருச்சுன்னா ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. தண்ணி பட்டா கிளச்சுத் தட்டுல ஒட்டியிருக்கற காகிதம் உரிஞ்சு வந்திரும்.

உன்றதைப் பாரு. பழுப்பு. கொஞ்சம் தீஞ்ச வாசம். மட்டமும் கொறைவு. கொறைஞ்ச ஆயிலு எங்க போச்சு? இது எரிஞ்சு போகாது கண்ணு, ஒழுகித்தான் போகோணும். கீழ குனி. அச்சு உள்ள போற எடத்துல ஈரம் தெரியுதா? சீலு போயிருச்சு. அதுல ஒழுகி ஆயிலு கொறைஞ்சு, பம்பு காத்தை உறிஞ்சி, அழுத்தம் இல்லாம தட்டு வழுக்குது. உன்ற போன்ல இருக்கற டாக்டருங்க இதைச் சொன்னாங்களா?

"பழைய பாக்ஸ்ல ஆயிலு மாத்துனா பாக்ஸே போயிரும்"னு ஒரு நாயம் ஊருக்குள்ள சுத்துது. உனக்கும் எவனாச்சும் சொல்லியிருப்பான். ஆயிலுக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னா, பல பேரு ஆயிலு மாத்தறதே பாக்ஸ் வழுக்க ஆரம்பிச்ச பொறவுதான். தட்டு தேஞ்சு போயி, சாகக் கெடக்கறப்பப் புது ஆயிலை ஊத்துவான். அடுத்த மாசம் நின்னுரும். பழி ஆயிலு மேல. ஆனா ஒண்ணு, மெஷினை மாட்டி அழுத்தி ஒட்டுக்காப் பீச்சறானே, அது பழைய பாக்ஸுக்கு ஆகாது. அடியில படிஞ்ச கசடெல்லாம் கெளம்பி, ஆயிலை அங்கங்க பிரிச்சு உடற வால்வு பாடியில இருக்கற ஊசித்தொளையில போயி அடைச்சுக்கும். அடி நட்டைக் கழட்டி வடிச்சா மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும்தான் எறங்கும். மீதி கன்வெர்ட்டருக்குள்ள, கூலருக்குள்ள நிக்கும். நின்னாப் போகுது. வடிச்ச அளவு ஊத்து. கொஞ்ச நாள் ஓட்டு. இன்னொருக்கா வடி. ரெண்டு மூணு தடவையில பழசு கொறைஞ்சு புதுசு எச்சாயிரும்.

மெக்கானிக்கு அடித்தட்டைக் கழட்டறப்ப நீ பக்கத்துல நில்லு. ஏசி ரூம்ல காப்பி குடிச்சுட்டு உக்காராதே. அந்தத் தட்டுல சின்னச் சின்னக் காந்தம் இருக்கும். அதுல சாம்பல் நெறத்துல மாவு மாவா ஒட்டியிருந்தா அது ஓடுன ஓட்டத்துத் தேய்மானம். தொடைச்சுட்டு மாட்டலாம். வெரல்ல எடுத்தாக் குத்தற மாதிரி இரும்புச் சில்லு இருந்தா, ஆயிலுக்குக் காசைக் கொட்டாதே. அந்தக் காசு வேற செலவுக்கு வேணும்.

இனி ஓட்டிப் பாக்கற சங்கதி. கருக்கல்ல எந்திரிச்சு, வண்டி ஆறிக் கெடக்கறப்ப ஸ்டார்ட் பண்ணு. பிரேக்கை மிதிச்சுட்டு பார்க்கிங்ல இருந்து ரிவர்ஸுக்குப் போடு. ஒரு விநாடியில இழுக்குதா, இல்லை ரெண்டு மூணு விநாடி யோசிச்சுட்டு மொடக்குனு புடிக்குதா? யோசிச்சா அழுத்தம் கொறைவு. ரோட்டுல போறப்ப ஆர்பிஎம் முள்ளு ஏறுது, வண்டி அதே வேகத்துல போவுதுன்னா தட்டு வழுக்குது. 60, 70 வேகத்துல மெதுவா ஆக்சிலேட்டரு குடுக்கறப்ப ரோட்டுல வரிப்பட்டை போட்ட எடத்துல போறாப்புல கடகடன்னு நடுங்குதா? அப்ப ஆள் இல்லாத ரோடாப் பாத்து, ஆக்சிலேட்டரை அப்படியே வெச்சுட்டு, பிரேக்கை லேசாத் தொடு. தொட்டாலே போதும், மிதிக்காதே. நடுக்கம் உடனே நின்னா அது கன்வெர்ட்டருக்குள்ள இருக்கற லாக்கப் கிளச்சு. பிரேக்கைத் தொட்டதும் கம்ப்யூட்டரு அதை உட்டுருது. நிக்கலையா? எஞ்சின் பக்கம் போ. ஒரு பிளக்கு, ஒரு காயிலு சரியில்லைன்னாலும் இதே நடுக்கம் வரும். பிளக்கு மாத்த வேண்டிய வண்டிக்குக் கியர் பாக்ஸ் மாத்துன கதை நம்ம பக்கத்துல எத்தனை!

"ஸ்கேன் பண்ணுனேங்க, பி0700 வந்துச்சு"ங்கறே, ஏதோ சாமி வாக்குக் குடுத்தாப்புல. அந்த நெம்பரு என்ன சொல்லுது தெரியுமா? கியர் பாக்ஸ் கம்ப்யூட்டருல ஏதோ பிராது இருக்குது, அங்க போயிக் கேளுன்னு சொல்லுது. அவ்வளவுதான். அங்க போயி அடுத்த நெம்பரைப் படிக்கற மெஷினு வேணும். அதுலயும் ஆயிலு வழியைத் தொறந்து மூடற சோலனாய்டுன்னு வந்தா சோலனாய்டுதான் போச்சுன்னு அர்த்தம் இல்லை. ஒயரு அந்துருக்கும், எலி கடிச்சிருக்கும், எர்த் கழண்டு பூஞ்சை புடிச்சிருக்கும். பேட்டரி சோர்ந்து போனாலே இந்தக் கம்ப்யூட்டருங்க கண்டதை ஒளறும். பார்க்கிங்ல இருந்து கியரு அசையவே மாட்டேங்குதா? பின்னால போயி பிரேக் லைட்டு எரியுதான்னு பாரு. பிரேக் சுவிட்சு போனா வண்டிக்கு நீ மிதிச்சதே தெரியாது, லாக்கை உடாது. டிரைவுக்குப் போட்டதும் தொம்முனு அடிக்குதா? எஞ்சினைத் தாங்கற ரப்பர் மவுண்டைப் பாரு. வண்டி ஒரே கியர்ல மாட்டிட்டு இழுக்கமாட்டேங்குதா? அது ஊடு போயிச் சேர்றதுக்குன்னு வண்டி தன்னையே காப்பாத்திக்கற வழி. அதோட ஊட்டிக்குச் சுத்துலா போகாதே.

இதுல ஒண்ணுக்கும் பெரிய காசு ஆகாது. ஆனா இதையெல்லாம் பாக்கச் சொல்லி எந்த டை கட்டுன தம்பியும் உன்கிட்டச் சொல்ல மாட்டான். கையில பலகை ஒண்ணை வெச்சு வெரலால தேய்ச்சுட்டே "அசெம்பிளியே மாத்தோணும் சார்"ங்கறான். சாருன்னு கூப்புட்டதுல உனக்கு உச்சி குளுந்திருது. தெருமுக்குல இருக்கறவன் அதுக்கு நேர்மாறு. "எல்லாம் பாத்துரலாம்ணே"ம்பான். ஆட்டோமேட்டிக்கை அவன் படத்துலகூடப் பாத்திருக்க மாட்டான். ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்வி கேளு. இந்த வகைப் பாக்ஸைத் தொறந்திருக்கறியா, தொறந்தப்ப உள்ள என்ன பாத்தே? தொறந்தவன் ஒரு மணி நேரம் பேசுவான். தொறக்காதவன் விலை சொல்லுவான்.

ஓட்டறதுலயும் ஒரு லட்சணம் வேணும். பின்னால போயிட்டிருக்கறப்பவே டிரைவுக்குத் தள்ளறே, நான் பாத்திருக்கறேன். உள்ள இருக்கற தட்டுதான் அந்த ஓட்டத்தை நிறுத்துது. மேட்டுல நிறுத்துனா பார்க்கிங்ல போட்டுட்டு எறங்கிப் போயிர்றே. ஒரு விரக்கடைத் துண்டு இரும்பு முழு வண்டிப் பாரத்தையும் தாங்குது. பிரேக்கை மிதி, நியூட்ரல் போடு, கை பிரேக்கை இழு, காலை எடுத்து வண்டியை உக்கார உடு, அப்பறம் பார்க்கிங். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. டிரைவுலயே உட்டா மூணா நாலான்னு பாக்ஸ் யோசிச்சுட்டே ஏறும், அத்தனையும் சூடு. கியர்க் குச்சியை எறக்கிக் கீழ் கியர்ல புடிச்சு வெய்யி. எறங்கறப்பவும் அப்படித்தான். ஏஎம்டிக்காரன்னா மேட்டுல ஆக்சிலேட்டரை மிதிச்சு வண்டியை நிக்க வெக்காதே. கிளச்சு வேகும்.

நின்னு போனா தள்ளி ஸ்டார்ட் பண்ண ஊரையே கூப்புடாதே. ஆட்டோமேட்டிக் தள்ளுனா ஸ்டார்ட் ஆகாது. கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. எஞ்சின் ஓடாதப்ப ஆயிலு பம்பும் ஓடாது, சக்கரம் சுத்தச் சுத்த உள்ள காஞ்சுட்டே சுத்தும். முன் சக்கரம் இழுக்கற வண்டின்னா அந்தச் சக்கரத்தைத் தூக்கோணும். முழுசாத் தூக்கி லாரி மேல ஏத்திட்டா இன்னும் நல்லது.

அடுத்த தடவை பழைய வண்டி வாங்கறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. அந்தியூர்ச் சந்தையில மாடு வாங்கறவன் பல்லைப் புடிச்சுப் பாப்பான், நடக்க உட்டுப் பாப்பான், தரகன் சொல்லற நாயத்தை மட்டும் கேக்க மாட்டான். நீ போறதுக்கு முன்னாடியே எஞ்சினைச் சூடு பண்ணி வெச்சிருந்தான்னா பானெட்டுல கையை வெச்சுப் பாரு. சுட்டா, "நாளைக்குக் காலையில வாறேன், ஸ்டார்ட் பண்ணாம வெய்யி"ன்னு சொல்லிட்டு வந்திரு.

இத்தனைக்கும் மேல உன்ற பாக்ஸ் போயித்தான் போச்சுன்னா? அப்ப ரெண்டு வழி. தொறந்து தட்டு, சீலு, தேஞ்ச சாமானெல்லாம் மாத்தறது ஒண்ணு. புதுப்பேட்டை மாதிரி எடத்துல பழைய பாக்ஸைப் புடிச்சு மாட்டறது இன்னொண்ணு. மாடலு ஒண்ணுதானேன்னு தூக்கிட்டு வந்திராதே. அதே மாடல்ல வருசம் மாறுனா உள்ள பல்லு மாறும், கம்ப்யூட்டரு மாறும். உன்ற பாக்ஸ் மேல நெம்பரு இருக்கும், அதைப் போட்டோ புடிச்சுட்டுப் போ. எந்த வழின்னாலும் வண்டி இப்ப என்ன விலைக்குப் போகும்னு மொதல்ல நாலு பேர்கிட்டக் கேட்டுட்டுத்தான் கையை வெக்கோணும்.

அப்பறம் ஒரே ஒரு சங்கதி. பாக்ஸை மாத்தறவன் கூலரை மறந்திருவான். பழைய பாக்ஸ் தேஞ்சு உதுத்த இரும்புத் தூளெல்லாம் கூலருக்குள்ளயும் கொழாய்க்குள்ளயும்தான் உக்காந்திருக்கும். அதைக் கழுவாம மாட்டுனா, மொத நாளே அத்தனையும் புதுப் பாக்ஸுக்குள்ள போகும். கழட்டிக் கழுவச் சொல்லு, கழுவ முடியலைன்னா மாத்தச் சொல்லு. அதுக்கு எவ்வளவு ஆகும்னா கேக்கறே? பின்னாடிக் கண்ணாடியில சிங்கம் கர்ஜிக்கற மாதிரி ஒட்டியிருக்கறியே படம், அதுக்கு எவ்வளவு குடுத்தே, அதைச் சொல்லு மொதல்ல.